தரகர் யாருடைய ஆள்? வீடு வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

 

வீடு என்பது நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை வாங்கும் பொருள். வளைகுடாவில் குடும்பத்தைப் பிரிந்து பதினைந்து வருடம் உழைத்த பணம், மனைவியின் நகை, ஊரில் கிடந்த சிறு நிலத்தை விற்ற தொகை, மச்சானும் மாமாவும் கைமாற்றாகக் கொடுத்தது என எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பத்திரத்தில் போய் அடங்குகின்றன. அந்தப் பத்திரத்தில் பழுது இருந்துவிட்டால், இன்னொரு முறை சம்பாதிக்க வயதும் இருக்காது, தெம்பும் இருக்காது.

இவ்வளவு பெரிய காரியத்தில் நாம் முதலில் நம்புவது ஒரு தரகரை. அவரை நம்புவது தவறில்லை. எதற்கு நம்புவது, எதற்கு நம்பக்கூடாது என்ற கோடு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பாடம் அந்தக் கோட்டைப் பற்றியது.

1. தரகரின் இடம் எது?

தரகு வேலையை மார்க்கம் தடுக்கவில்லை. அரபியில் தரகரை ஸிம்ஸார் என்பார்கள். ஸஹீஹுல் புகாரியில் தரகரின் கூலிக்கென்றே ஒரு தலைப்பு உண்டு. இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம் நகஈ, ஹஸன் பஸரீ (ரஹ்) போன்ற முன்னோர்கள் அந்தக் கூலியில் குற்றம் காணவில்லை என்பதை இமாமவர்கள் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே தரகர் என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஊரில் எந்த வீடு விலைக்கு வருகிறது, எந்தத் தெருவில் என்ன விலை போகிறது, விற்பவருக்கு எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாம் ஆறு மாதம் அலைந்து அறிவதை அவர் ஆறு நாளில் காட்டிவிடுவார்.

சில நாடுகளில் வாங்குபவருக்கென்று தனித் தரகரும் விற்பவருக்கென்று தனித் தரகரும் இருப்பார்கள். வாங்குபவரின் தரகர் அவருடைய நலனை மட்டுமே பார்க்கக் கடமைப்பட்டவர். நம் ஊர் வழக்கம் அப்படியில்லை. இங்கே பெரும்பாலும் ஒரே தரகர்தான் இரண்டு பக்கமும் நிற்கிறார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். அது இரு தரப்புக்கும் தெரிந்தே நடந்தால் மோசடி ஆகாது. ஆனால் அப்படிப்பட்டவர் நமக்கு மட்டும் வக்கீலாக இருக்க முடியாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் கூலி. “இந்த வீடு வேண்டாம்” என்ற பதிலால் அவருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. நமக்கோ சில நேரங்களில் அந்த “வேண்டாம்” என்ற பதில்தான் வாழ்நாள் சேமிப்பைக் காப்பாற்றும்.

எனவே பாடத்தின் சுருக்கம் இதுதான்: வீட்டைக் காட்டுவதும் விலை பேச உதவுவதும் தரகரின் வேலை. பத்திரத்தைச் சோதிப்பது நம் வேலை. அதை நாம் அமர்த்தும் வழக்கறிஞர் செய்ய வேண்டும்.

2. முதல் வீட்டைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வீடு பார்த்து மனம் பறிகொடுத்த பிறகு கேள்வி கேட்க நாக்கு வராது. ஆகவே பைக்கில் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒன்று, விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறீர்களா? ஆம் என்றால் தவறில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு, உங்கள் கூலி எவ்வளவு? நம் பகுதிகளில் கிரய விலையில் 1 முதல் 2 சதவீதம் வரை கேட்பது வழக்கம். இது பேசி முடிவு செய்யும் தொகை. 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1 சதவீதம் என்றால் 30,000. 2 சதவீதம் என்றால் 60,000. இந்த வித்தியாசம் சிறியதல்ல.

மூன்று, கூலி எப்போது? பதிவு முடிந்த அன்று கொடுப்பதே நியாயம். அட்வான்ஸ் போட்ட அன்றே முழுக் கமிஷனையும் கொடுத்துவிட்டால், பிறகு பத்திரத்தில் சிக்கல் தெரிந்தாலும் அவருக்கு அக்கறை இருக்காது.

நான்கு, விற்பவர் உங்களுக்கு உறவினரா, கூட்டாளியா? இந்தச் சொத்தில் உங்களுக்குப் பங்கோ, ஏற்கெனவே போட்ட அட்வான்ஸோ இருக்கிறதா?

ஐந்து, விற்பவரை நான் நேரில் சந்தித்துப் பேசலாமா? “அவர் யாரையும் பார்க்க மாட்டார், எல்லாம் என் மூலம்தான்” என்று பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். விற்பவர் 25 லட்சம் கேட்க, நம்மிடம் 28 என்று சொல்லி இடையில் மூன்றை எடுத்துக்கொள்ளும் வழி அங்கேதான் இருக்கிறது. நமக்காகப் பேச ஒப்புக்கொண்டவர், நமக்குத் தெரியாமல் நம் பணத்தில் வைத்துக்கொள்ளும் லாபம் கூலி ஆகாது. அது அமானத்தில் செய்த மோசடி.

புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடு, புதிய மனைப்பிரிவு என்றால் இன்னொரு கேள்வியும் சேர்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் விற்பனை செய்து கொடுக்கும் தரகரும் ரெரா பதிவு எண் வைத்திருக்க வேண்டும். பொதுவாக 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டம் இதில் வரும். தரகரின் எண், திட்டத்தின் எண் இரண்டையும் வாங்கித் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். தெருவில் உள்ள பழைய வீட்டைக் கைமாற்றி விற்கும் வியாபாரத்துக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அங்கே நம் எச்சரிக்கைதான் பாதுகாப்பு.

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். “நமக்குள் என்ன எழுத்து?” என்று தரகர் கேட்கலாம். குர்ஆனிலேயே நீளமான வசனம் ஸூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. எழுதிக்கொள்வது சந்தேகப்படுவது ஆகாது, சுன்னத்தான ஒழுக்கம் என்று புன்னகையோடு சொல்லுங்கள்.

3. அடிக்கடி கேட்கும் நான்கு பேச்சுகள்

“இன்னொரு பார்ட்டி பணத்தோடு நிற்கிறார், இன்றைக்கே டோக்கன் போடுங்கள்.” இது உண்மையாகவும் இருக்கலாம், அவசரப்படுத்தும் உத்தியாகவும் இருக்கலாம். வாங்கும் எண்ணமில்லாதவரை வைத்து விலை ஏற்றுவதை நஜ்ஷ் என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். உங்கள் பதில் ஒன்றே போதும்: “வக்கீல் பத்திரம் பார்த்த பிறகுதான் பணம். அதற்குள் வேறொருவர் வாங்கினால் எங்களுக்கு நஸீப் இல்லை.”

“பத்திரமெல்லாம் கிளியர். நான்தான் பார்த்தேனே!” அவர் பார்த்தது ஜெராக்ஸாக இருக்கலாம். வழக்கு வந்தால் கோர்ட்டில் நிற்கப் போவது அவரல்ல.

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது.” மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அல்லது சென்னைப் பெருநகர எல்லைக்குள் சி.எம்.டி.ஏ. அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை மட்டும் போதாது. அனுமதி பெறாத மனையைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கு உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய மனையில் வீடு கட்ட அனுமதியும் கிடைக்காமல், விற்கவும் முடியாமல் நிற்பவர்கள் பல ஊர்களில் உண்டு.

“பத்திரத்தில் குறைத்துக் காட்டுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்.” இதில் பொய்யும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி, அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம். கொடுத்த நமக்கோ கணக்கில் வராத அந்தப் பணத்துக்கு எந்தச் சாட்சியும் இருக்காது. நாளை கிரயம் ரத்தானால் பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் கேட்க முடியும்.

4. வீட்டை எப்படிப் பார்ப்பது?

தரகரோடு ஒருமுறை, தரகர் இல்லாமல் குடும்பத்தோடு ஒருமுறை பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தச் சுவர் ஊறுகிறது என்று மழையே சொல்லிவிடும். பக்கத்து வீட்டில் ஸலாம் சொல்லிப் பேசுங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, வாசலுக்கு வரும் பாதை பொதுவா தனியாரா, எல்லைச் சுவரில் தகராறு உண்டா என்று கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சில், தரகர் ஒரு மாதத்தில் சொல்லாதது வெளிவரும்.

வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது முக்கியம். வாடகையா, ஒத்தியா? ஒத்திக்கு இருப்பவர் என்றால் அவருக்குத் தர வேண்டிய தொகை எவ்வளவு, அதை யார் கொடுத்துக் காலி செய்து தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளோடும் புலப்படத்தோடும் ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி, தரையில் 1,080 சதுர அடி என்பது அபூர்வமான செய்தி அல்ல. அளவு குறைந்தால் விலையும் குறைய வேண்டும்.

5. தரகரிடம் விடக் கூடாத வேலை

வழக்கறிஞர் நம் செலவில், நம் தேர்வில் இருக்க வேண்டும். தரகர் “நம்ம வக்கீல்” என்று அழைத்து வருபவருக்கு நாளைக்கும் வேலை தரப்போவது தரகர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

அவரிடம் ஒப்படைக்க வேண்டிய காகிதங்கள் இவை: விற்பவரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வீட்டு வரி மற்றும் மின் ரசீது, கட்டட அனுமதி. கிராம நத்தம் இடமாக இருந்தால் நத்தம் பட்டா. வில்லங்க விவரத்தையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றி வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டாவையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் எடுத்துத் தருவார்கள்.

அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். “லாக்கரில் இருக்கிறது”, “அண்ணனிடம் இருக்கிறது” என்று நாள் கடத்தினால் எங்கோ அடகில் இருக்கக்கூடும்.

வில்லங்கச் சான்றைப் பற்றி ஒரு விளக்கம். அது சார்பதிவகத்தில் பதிவானதை மட்டுமே காட்டும். பதிவாகாதது எதுவும் அதில் தெரியாது. நம் சமுதாயக் குடும்பங்களின் சொத்துகளில், பதிவாகாத உரிமைகள்தான் அதிகம். அடுத்த பகுதியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

6. நம் குடும்பச் சொத்துகளில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

*மீராஸ்.* ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒருவர் மறைந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டை 48 பங்காகக் கொண்டால் மனைவிக்கு 6, ஒவ்வொரு மகனுக்கும் 14, ஒவ்வொரு மகளுக்கும் 7. இப்போது மூத்த மகன் வந்து “வாப்பா வீடு, நான்தான் வரி கட்டுகிறேன், பட்டாவும் என் பெயரில்” என்று விற்கிறார். அவருடையது 14 பங்கு மட்டுமே. இரண்டு மகன்களும் சேர்ந்து கையெழுத்திட்டாலும் 28 பங்குதான் நம்மிடம் வரும். மீதி 20 பங்கு அந்தத் தாயுடையது, அந்தச் சகோதரிகளுடையது. பட்டா வருவாய்ப் பதிவு. அது சகோதரிகளின் பங்கை அழித்துவிடாது.

“தங்கச்சிக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று” என்பார்கள். கல்யாணச் செலவு மீராஸுக்கு ஈடாகாது. சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்திருந்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும். இது நம் பணத்தின் பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதல்ல. இன்னொரு பெண்ணின் ஹக் கலந்த வீட்டில் நாம் எப்படி நிம்மதியாகக் குடியிருப்பது?

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை அவசியம் வாங்குங்கள். ஆனால் அதில் பெயர்கள்தான் இருக்கும், பங்கு இருக்காது. இறந்தவருக்கு மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் அவருடைய சகோதரர்களுக்கும் பங்கு வரும். மனைவியும் இரண்டு மகள்களும் ஒரு சகோதரரும் என்றால், 24 பங்கில் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, சகோதரருக்கு 5. சான்றிதழில் சகோதரர் பெயர் இல்லை என்பதால் அவர் உரிமை போய்விடாது. பங்கு விவரத்தை ஓர் ஆலிமிடமும், சட்ட நிலையை வழக்கறிஞரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

*வாய்மொழி ஹிபா.* முஸ்லிம் தன் சொத்தை வாய்மொழியாக ஹிபா கொடுப்பதை நம் நாட்டுச் சட்டம் ஏற்கிறது. கொடுப்பதாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் அது செல்லும். தாயார் தன் கடைசி மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மகளும் அங்கேயே வாழ்ந்து வரலாம். வில்லங்கச் சான்றில் ஒரு வரியும் இருக்காது. அதனால்தான் வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று மஹல்லாவில் விசாரிக்க வேண்டும். விற்பவரே “எனக்கு ஹிபாவாக வந்தது” என்றால், மற்ற வாரிசுகளும் கிரயத்தில் ஒப்புதல் தெரிவித்துக் கையெழுத்திடுவது நல்லது.

*யதீம்களின் பங்கு.* வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளைகள் இருந்தால் மிகுந்த கவனம் தேவை. நம் நாட்டில் நடைமுறையில் உள்ள முஸ்லிம் சட்டப்படி, தாய் பிள்ளையை வளர்க்கும் உரிமை உடையவர். ஆனால் பிள்ளையின் சொத்துக்குச் சட்டப்படியான பாதுகாவலர் அல்லர். நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாய் விற்ற மைனரின் பங்கு செல்லாது என்பது 1918-இல் பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே நிலைபெற்ற சட்டம். பிள்ளை வளர்ந்து வழக்குப் போட்டால் நாம் இழப்போம். யதீமின் சொத்தை நெருங்குவதைப் பற்றி மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரித்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

*பவர் பத்திரம்.* வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் தம்பியோ தரகரோ பவர் வைத்து விற்பது வழக்கம். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. ஆகவே அவரோடு வீடியோ அழைப்பில் நீங்களே பேசுங்கள். பவரை ரத்து செய்திருக்கிறாரா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் இந்தியத் தூதரகச் சான்று வேண்டும். இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். கிரயப் பத்திரமே இல்லாமல் பவரை மட்டும் எழுதிக் கொடுத்து “வீடு உங்களுடையது” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பவரால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

*வக்ஃப்.* பள்ளிவாசல், தர்கா, மதரஸா சுற்றுவட்டத்தில் உள்ள மனை என்றால், சர்வே எண்ணைக் கொண்டு அது வக்ஃப் சொத்தா என்று ஜமாஅத்திலும் வக்ஃப் வாரியத்திலும் கேட்டறியுங்கள். வக்ஃபை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

7. அட்வான்ஸும் ஒப்பந்தமும்

வழக்கறிஞர் எழுத்து மூலம் கருத்து சொன்ன பிறகே அட்வான்ஸ். அது விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். தரகரின் கணக்குக்கோ கைக்கோ போகக் கூடாது. கணவர் வளைகுடாவில் இருந்து அனுப்பும் பணமானாலும் இதே விதிதான்.

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதித் தரகர் சாட்சிக் கையெழுத்திட்டால் போதும் என்பது பழைய பழக்கம். புதிய அடுக்குமாடித் திட்டமாக இருந்தால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டம் சொல்கிறது.

ஒப்பந்தத்தில் அட்வான்ஸின் கதி என்ன என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பத்திரத்தில் குறை இருந்தால் முழுத் தொகையும் எத்தனை நாளில் திரும்ப வரும்? நாம் பின்வாங்கினால் என்ன? ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலைப்பாட்டில், வாங்குபவர் விலகினார் என்பதற்காக மட்டும் முன்பணத்தை விற்பவர் எடுத்துக்கொள்வது கூடாது. ஹன்பலீ மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. முன்கூட்டியே பேசி எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

கெடுவையும் கவனியுங்கள். நகை விற்க, வெளிநாட்டிலிருந்து பணம் வர, நிலம் கைமாற எத்தனை மாதம் ஆகும் என்று உண்மையாகக் கணக்கிட்டு அதற்கு மேல் ஒரு மாதம் சேர்த்து எழுதுங்கள். “மூன்று மாதம் போதும்” என்று தரகர் சொன்னதற்காகத் தலையாட்டிவிட்டு, கெடு நெருங்கும்போது அட்வான்ஸ் போய்விடுமே என்ற பயத்தில் கந்து வட்டிக்கு ஓடும் குடும்பங்கள் உண்டு. வட்டியே வேண்டாம் என்று பதினைந்து வருடம் பொறுத்திருந்தவரை ஒரு சிறிய கெடு அதில் தள்ளிவிடுகிறது.

8. செலவுக் கணக்கும் யார் பெயர் என்பதும்

வீட்டு விலையோடு செலவு முடிவதில்லை. தற்போது மனை, பழைய வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, கிரய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2,10,000 ரூபாயும் 60,000 ரூபாயும் சேர்ந்து 2,70,000. அதன்மேல் தரகர் கூலி, வழக்கறிஞர், பத்திர எழுத்தர், சர்வேயர் செலவு. ஆக, கையில் 30 லட்சம் இருப்பவர் பார்க்க வேண்டியது 26, 27 லட்சத்து வீடு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடிக்கும் வரி வேறு. ஆடிட்டரிடம் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனைவியின் நகையும் மஹரும் சேர்ந்து வாங்கிய வீட்டில் அவர் பெயரும் இருப்பதே நீதி. யாருடைய பணம் எவ்வளவு என்று அன்றைக்கே எழுதி வைத்தால், நாளை நம் பிள்ளைகள் நாம் 6-ஆம் பகுதியில் படித்த சிக்கலில் நிற்க மாட்டார்கள்.

9. பதிவு நாளும் அதன் பிறகும்

பதிவுக்கு முந்தைய நாள் வில்லங்கத்தை இன்னொரு முறை பாருங்கள். வரைவுப் பத்திரத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வாசியுங்கள். பெயர், தந்தை பெயர், சர்வே எண், அளவு, நான்கு எல்லை. பதிவானதும் அசல் பத்திரங்கள், மூலப் பத்திரங்கள், சாவி மூன்றையும் கையில் வாங்குங்கள். பிறகு பட்டா மாறுதல், வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றம். இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

10. தரகரின் ஹக்

இவ்வளவும் நம் பாதுகாப்புக்கு. நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. வீட்டைக் காட்டியவர் ஒரு தரகர். இரண்டு வாரம் கழித்து அவருக்குத் தெரியாமல் விற்பவரிடம் நேராகப் போய் முடித்து, கமிஷனை மிச்சப்படுத்தியதைச் சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் நம்மிலும் உண்டு. விற்பவரை நேரில் சந்தியுங்கள் என்று மேலே சொன்னது உண்மையை அறிவதற்கு. தரகரை வெட்டிவிடுவதற்கு அல்ல. பேசிய கூலியைப் பதிவு நாளன்றே, குறைக்காமல், மனம் கோணாமல் கொடுங்கள். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காதே என்று கற்றுக்கொடுக்கப்பட்ட சமுதாயம் நாம். அவருடைய ஹக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு புது வீட்டில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. நாம் பேசிவரும் தரகர் யாரிடமெல்லாம் கூலி வாங்குகிறார் என்று நமக்குத் தெரியுமா?
2. விற்பவர் குடும்பத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் யார் யார்? மைனர் உண்டா?
3. இதுவரை கொடுத்த பணம் யார் கணக்குக்குப் போயிருக்கிறது?
4. கெடுவுக்குள் முழுப் பணமும் வட்டியில்லாமல் சேருமா?

இந்த நான்கில் ஒன்றுக்காவது பதில் தெரியவில்லை என்றால், தெரியும் வரை மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள். தரகர் கோபப்படலாம், விற்பவர் வேறு ஆள் பார்க்கலாம். வீடு இன்னொன்று கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

ஹலாலான உழைப்பில், எவருடைய ஹக்கும் கலக்காத, நிம்மதியான இல்லத்தை நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக. ஆமீன்.

– செயலாளர்